கந்தோர் வேலையும் ஒரு பழைய ஹூவரும்

பிரித்தானியாவில் தூசி உறிஞ்சும் இயந்திரத்தை எந்தக் கம்பனி செய்திருந்தாலும் பலருக்கும் அது 'ஹூவர்'தான். அங்கு குடியேறிய எம்மவர்களும் ஈர்க்குமாற்றையும் தும்புத்தடியையும் ஊரில் விட்டுவிட்டு, 'ஹூவர் பண்ணுவது' என்று பேசப் பழகிக்கொண்டார்கள்.

ஆனால், அந்த இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் ஹூவர் அல்லர். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள கன்ரன் நகரில் ஒரு கடையில் துப்புரவுத் தொழிலாளியாக இருந்த ஜேம்ஸ் முரே ஸ்பாங்லர் என்பவரே அதை உருவாக்கினார். ஆஸ்துமா நோயாளியான அவரைக் கம்பளங்களிலிருந்து கிளம்பிய தூசி வாட்டியது. ஒரு மின்விசிறியின் மோட்டார், ஒரு பெட்டி, ஒரு தலையணை உறை, ஒரு தும்புத்தடிப் பிடி ஆகியவற்றைப் பொருத்தித் தன் சுவாசத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவர் செய்த கருவிக்கு 1908ஆம் ஆண்டு காப்புரிமை கிடைத்தது. தோல்பொருள் வியாபாரியான வில்லியம் ஹூவர் அவ்வுரிமையை வாங்கினார். மோட்டார் வாகனங்களின் வருகையால் குதிரைச் சேணங்களுக்கு எதிர்காலமில்லை என்ற கவலை அவருக்கு இருந்தது. துப்புரவுத் தொழிலாளியின் பெயர் மறைந்து முதலாளியின் பெயர் நிலைத்தது. உலக வழக்கம் அதுதானே!

மேற்கு லண்டனின் பெரிவேல் பகுதியில், வெஸ்ரேர்ன் அவெனியூ வழியாகச் செல்பவர்கள் வெண்ணிறத்தில் நீண்டு கிடக்கும் ஹூவர் கட்டடத்தைக் காணாமல் போகமுடியாது. 1933இல் திறக்கப்பட்ட தொழிற்சாலை அது. 1980களில் உற்பத்தி நின்றது. 1992இல் அந்த வளாகத்தில் பல்பொருள் அங்காடியொன்று வந்தது. பிரதான கட்டடம் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. அதற்கு அயலிலுள்ள கிறீன்போர்ட்டில்தான் எனது ஒன்றுவிட்ட அக்கா வசிக்கிறார். 2023 கோடையில் நான் அங்கு தங்கியிருந்தபோது, அவருடைய மகன், கார்களின் பின்பெட்டிகளைத் திறந்துவைத்து விற்கும் ஞாயிறு சந்தையிலிருந்து பழைய 'ஹூவர் ஜூனியர்' ஒன்றைக் கொண்டுவந்தான். விலை பதினைந்து பவுண். நிமிர்ந்த கைப்பிடி, துணிப்பை, உலோக அடிப்பாகம். அடியிலிருந்த தகட்டில் பெரிவேல், கிறீன்போர்ட் என்று பொறித்திருந்தது. செய்யப்பட்ட இடத்துக்கே திருத்தப்படுவதற்காகத் திரும்பி வந்திருந்தது அது!

மின்சாரம் கொடுக்குமுன் திறந்து பார்ப்பதென்று முடிவுசெய்தோம். ஒரு திருப்புளியே போதுமாயிருந்தது. இன்றைய இயந்திரங்கள் பலவற்றில் ஆணியின் தலை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவதற்கே அரைமணி நேரம் வேண்டும். அடித்தகட்டைக் கழற்றியதும் தூரிகை உருளை வெளிவந்தது. எவரெவருடைய தலைமயிரோ, தையல் நூலோ அதில் வரிவரியாகச் சுற்றிக் கிடந்தன. மோட்டாரின் சுழற்சியை அவ்வுருளைக்குக் கொண்டுசெல்லும் இறப்பர் பட்டி இறுகி வெடித்திருந்தது. விசிறியின் இதழொன்றில் சிறு சேதம். இவ்வகை இயந்திரத்தில் தூசி முதலில் விசிறியினூடாகச் சென்று அதன் பின்னரே பைக்குள் தள்ளப்படுவதால், அகப்படும் நாணயமும் கல்லும் விசிறியில்தான் மோதும்.

புதிய பட்டியை மாட்டுவதில் மருமகன் சிரமப்பட்டான். மோட்டாரின் அச்சும் உருளையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருப்பதால் பட்டியைத் திருகி மாட்டவேண்டும். திருகல் மறுபக்கமாகிவிட்டால் உருளை எதிர்த்திசையில் சுற்றும். குசினியில் நின்ற அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"உதை அப்பிடி இழுக்காதை தம்பி. ஒரு முறுக்கு முறுக்கிப் போட வேணும். இஞ்ச தா."

பட்டி ஒரு நிமிடத்துக்குள் தன் இடத்தில் இருந்தது. "எங்கை அம்மா பழகினீங்கள்?" என்று மகன் கேட்டான்.

1980களின் நடுப்பகுதியில் லண்டன் வந்த அக்கா ஊருக்கு எழுதிய கடிதங்களில் 'எனக்குக் கந்தோரிலே வேலை' என்ற வசனம் தவறாமல் இருக்கும். பெரியம்மா அதை அயலவர்களுக்கெல்லாம் பெருமையோடு வாசித்துக் காட்டுவார். வேலை கந்தோரில்தான், விடியற்காலை நான்கு மணிக்கு, கந்தோர்க்காரர் வருமுன்னர். மூன்று மாடிகளின் கம்பளங்களையும் இதைப்போன்ற ஓர் இயந்திரத்தால் சுத்தம் செய்துவிட்டு ஏழரை மணி பஸ்ஸில் வீடு திரும்புவாராம். பட்டி அறுந்தால் மேற்பார்வையாளர் வரும்வரை காத்திருக்க நேரமில்லை, தானே மாட்டிக்கொள்வாராம். ஊரில் ஆசிரியையாக இருந்தவர் அவர். "அப்பாவுக்குத் தெரிஞ்சால் திரும்பி வா எண்டிருப்பார். அதுதான் சொல்லேல்லை" என்றார், குரலில் எந்த மாற்றமுமில்லாமல். பெரியப்பா 1991இல் காலமானார். மகனுக்கு அன்றுதான் தெரியும்.

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு அக்காவே, "வயரைப் பார்த்தனியளே?" என்று கேட்டார்.

அது நல்ல கேள்வி. வயரின் உள்ளிழைகள் சிவப்பு, கறுப்பு, பச்சை. 1970ஆம் ஆண்டளவில் பிரித்தானியாவில் இந்நிறங்கள் கபிலம், நீலம், பச்சை மஞ்சள் என மாறியதால், இந்த வயர் அதற்கு முற்பட்டதாகவே இருக்கவேண்டும். இறப்பர் காப்புறை விரலால் தொட உதிர்ந்தது. உலோக உடலைத் தொடுபவரின் உயிர் அந்தப் பச்சை இழையில்தான் தங்கியிருக்கிறது என்பதால் முழு வயரையும் மாற்றினோம். பிளக்கில் 13 அம்பியர் பியூஸ் இருந்தது. தகட்டின்படி மின்வலு 500 வாட்டுக்கும் குறைவாகையால் 3 அம்பியரே போதும். மோட்டாரின் காபன் பிரஷ்கள் தேய்ந்து குட்டையாகியிருந்தன, அவற்றையும் மாற்றினோம். வானொலி இரைச்சலைத் தடுக்கும் பழைய கொள்ளளவி வெடிக்கக்கூடியது என்பதால் அதற்கும் புதியது. பழைய பொருட்களை நேசிப்பவர்கள் பலர் 'எல்லாம் அசலாகவே இருக்கவேண்டும்' என்று பிடிவாதம் பிடிப்பார்கள். மின்சாரத்தில் அந்தப் பிடிவாதம் ஆபத்தானது.

அடுத்த சனிக்கிழமை ஒரு தேவாலய மண்டபத்தில் தொண்டர்கள் நடத்தும் திருத்தக் கூடத்துக்குக் கொண்டுபோனோம். 2009இல் அம்ஸ்ரர்டாமில் மார்ட்டினா போஸ்ட்மா என்ற பெண் பத்திரிகையாளர் தொடங்கிய 'றிப்பெயர் கபே' முயற்சியின் வழியில் தோன்றியவை இத்தகைய கூடங்கள். அங்கிருந்த ஓய்வுபெற்ற மின்னியலாளர் காப்பையும் நிலத்தொடுப்பையும் கருவியால் பரிசோதித்து, பாவிக்கலாம் என்றார்.

ஐரோப்பிய ஒன்றியம் இவ்வியந்திரங்களின் மின்வலுவை 2014இல் 1600 வாட்டுக்கும் 2017இல் 900 வாட்டுக்கும் மட்டுப்படுத்தியபோது, இனித் தூசி போகாது என்று லண்டன் பத்திரிகைகள் சில கூக்குரலிட்டன. கம்பளத்தைத் தட்டித் தூசியைக் கிளப்பும் உருளைதான் பாதி வேலையைச் செய்கிறது என்பதை இந்தக் கிழட்டு ஜூனியர் அக்காவின் மாடிப்படிகளில் காட்டியது. உதிரிப்பாகங்களைக் கிடைக்கச்செய்யும் கடப்பாட்டை உற்பத்தியாளருக்கு விதித்த பிரித்தானியாவின் 2021ஆம் ஆண்டு விதிகளிலே சலவை இயந்திரமும் குளிர்சாதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் உண்டு. தூசி உறிஞ்சி இல்லை.

மருமகன் மேலும் இரண்டு பட்டிகளுக்கு ஓர்டர் கொடுத்தான். அடுத்த தடவை அறுந்தால் தானே மாட்டவேண்டுமென்று, பழையதைக் கழற்றி மீண்டும் மீண்டும் போட்டுப் பழக்கினார் அக்கா. நான் கொழும்பு திரும்பும் நாள்வரை அவனுக்கு அது ஒரு நிமிடத்துக்குள் கைகூடவில்லை.