தேங்காய் மட்டைப் புகையில் பழுக்கும் யாழ்ப்பாண இலை

யாழ்ப்பாணம் என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு ஒடியற்கூழும் பனங்கிழங்கும் நினைவுக்கு வரும். தாத்தா பாட்டியைக் கேளுங்கள், ‘யாழ்ப்பாணப் புகையிலை’ என்பார்கள். 19-ம் நூற்றாண்டில் கடல் கடந்து திருவிதாங்கூர் வரை போன சரக்கு அது. அங்கே புகையிலை வியாபாரம் அரசின் ஏகபோகமாக இருந்தது. 1863-ல்தான் அது நீங்கியது.

வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களிலும், தீவுப் பகுதியான வேலணையிலும் புகையிலை நடுவார்கள். மாரி மழைக்குப் பிறகு கிணற்று நீரும் எருவும்தான் துணை. செடி வளர்ந்ததும் நுனிக்கொழுந்தைக் கிள்ளிவிடுவார்கள். அப்போதுதான் சத்தெல்லாம் இலைக்குப் போய், இலை தடிக்கும்.

வெட்டிய இலையை வெயிலில் வாட்டி, குடிலுக்குள் வரிசையாகத் தொங்கவிட்டு, கீழே தேங்காய் மட்டையைப் பற்றவைத்துப் புகை போடுவார்கள். கைப்பக்குவம் இங்கேதான். மட்டை எரியக் கூடாது, புகைய வேண்டும். தீ கொழுந்துவிட்டால் இலை கருகிவிடும். புகை போதாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பக்குவமாகப் புகை ஏறினால் பச்சை மாறி, இலை கரும்பழுப்பாகிக் கமகமக்கும். புகையிலுள்ள ஃபீனால் வகைப் பொருட்கள் இலையில் படிந்து, அது கெடாமல் காக்கின்றன. மீனைப் புகையில் பதப்படுத்துவதும் இதே கணக்குதான்.

சிரியாவின் துறைமுக நகரான லதாக்கியாவின் பெயரில் ஒரு பைப் புகையிலை உண்டு. அதற்கும் மரப்புகைதான் மணம் தருகிறது. யாழ்ப்பாணத்து இலையோ சுருட்டுக்கும் வெற்றிலைக்கும் போனது.

மென்றாலும் புகைத்தாலும் புகையிலை புற்றுநோயைத் தரும். ஈர இலையைக் கையாண்டாலே நிகோட்டின் தோல் வழியே ஏறி, தலைசுற்றலும் வாந்தியும் வரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை இலங்கை 2003-லேயே ஏற்றுவிட்டது. புகையிலை பயிரிடுவோருக்கு மாற்றுத் தொழில் காட்ட வேண்டும் என்பதும் அதில் உண்டு.

வெங்காயமும் மிளகாயும் உருளைக்கிழங்கும் அதே மண்ணில் விளைகின்றன. ஆனால் வெங்காயம் அதிக நாள் காத்திருக்காது, அழுகிவிடும். வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். புகை போட்ட இலையோ நல்ல விலை வரும்வரை வீட்டிலேயே கிடக்கும். தோட்டக்காரருக்கு அந்தப் புகைக்குடில் ஒரு சேமிப்புப் பெட்டி. மாற்றுப் பயிரோடு, அதைக் கெடாமல் வைக்கும் கிடங்கும் நியாய விலையும் வந்தால், குடிலில் புகை தானாக அடங்கும்.