குடலும் குலமும்

தோட்டப் பாடசாலைகளிற் படிப்பிக்கும் நமக்குக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன பேச்சொன்று உண்டு. வயதுக்கேற்ற வளர்த்தியின்றி நிற்கும் பிள்ளைகளைக் காட்டி, "இவர்கள் பரம்பரையே இப்படித்தான்" என்பார்கள். அண்மையில் ஹற்றனில் நடந்த ஒரு கூட்டத்திலே படித்த பெரியவர் ஒருவர் "எல்லாம் மரபணு" என்று முடித்துவிட்டார். விஞ்ஞானத்தைச் சாட்சிக்கு அழைத்தவர் அதன் வாக்குமூலத்தையும் கேட்டிருக்கலாம்.

2016ஆம் ஆண்டுக் குடிசன சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் உயரம் குன்றியவர்கள் நாட்டில் நூற்றுக்கு 17 பேர். தோட்டங்களிலோ 32 பேர்.

மரபணுத் தொகுதி தோட்டத்துச் செக்றோல் போன்றது. பேர் பதிந்தவர் அனைவரும் ஒரே நாளிற் பிரட்டுக்கு வருவதில்லை. ஏறக்குறைய ஒவ்வொரு கலத்திலும் முழுச் செக்றோலும் இருக்கிறது; ஆயினும் குடற்கலத்தில் வேலைக்கு இறங்குபவை சில, மூளைக்கலத்தில் வேறு சில. இறங்கிய மரபணு தன் கட்டளையை ஆர்.என்.ஏ. என்னும் படியாக எழுதி அனுப்புகிறது. அப்படிகளை எண்ணிப் பார்ப்பதே மரபணு வெளிப்பாட்டு ஆய்வு. பெருங்குடற் புற்றுநோயை நான்கு வகையாகப் பிரிக்கலாமென்று 2015இல் பன்னாட்டு ஆய்வாளர் கண்டது இம்முறையாலேதான்.

இனி ஏழையின் குடலுக்கு வருவோம். மலம் கலந்த நீரையும் மண்ணையும் நாளும் உட்கொள்ளும் பிள்ளைக்கு, வயிற்றோட்டம் இல்லாத நாளிலுங்கூடச் சிறுகுடலின் உட்சுவர் அழற்சியுற்றிருக்கிறது. உணவை உறிஞ்சும் சடைமுளைகள் குட்டையாகிவிடுகின்றன. தின்றது உடம்பில் ஒட்டுவதில்லை. மலாவி நாட்டுக் கிராமப் பிள்ளைகளின் மலத்திலிருந்தே மனித ஆர்.என்.ஏ.யைப் பிரித்தெடுத்து - கத்தியுமில்லை, குழாயுமில்லை - ஆராய்ந்த முடிவு 2016இல் வெளிவந்தது. குடற்சேதம் மிகுந்த பிள்ளைகளிடம் நோயெதிர்ப்பு சார்ந்த மரபணுக்கள் பெருகிப் பிரட்டுக்கு வந்திருந்தன. வளர வேண்டிய உடம்பு ஓயாது போரிட்டுக்கொண்டிருக்கிறது.

பரம்பரைதானா இது? கிழக்குப் பாகிஸ்தானிற் பணிபுரிந்த அமெரிக்க சமாதானப் படைத் தொண்டர்களின் குடலும் இவ்வாறே கெட்டது. தாய்நாடு திரும்பிய பின் தேறியது. நியூயோர்க்கிற் குடியேறிய இந்தியர், பாகிஸ்தானியரின் குடலும் காலப்போக்கில் தேறியதென்று 1971இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. பாட்டன் பூட்டன் யாரையும் அவர்கள் மாற்றிக்கொள்ளவில்லை.

உயரம் குன்றுவதற்குக் குடல் ஒன்றே காரணமென்று நாம் சாதிக்கவில்லை. தாயின் இரத்தசோகை, எடைகுறைந்த பிறப்பு, நாட்சம்பளத்தில் வாங்கக்கூடிய உணவு ஆகிய யாவும் உண்டு. வங்காளதேசம், கென்யா, சிம்பாப்வே நாடுகளில் மலகூடம், சவர்க்காரம், குளோரின் ஆகியவற்றைக் கொடுத்துப் பார்த்த பெரும் பரிசோதனைகளின் முடிவுகள் 2018இலும் 2019இலும் வெளிவந்தன. அவற்றால் மட்டும் பிள்ளைகளின் உயரம் கூடவில்லை. பரம்பரைக் கட்சியார் இதைப் பிடித்துக்கொள்ளக்கூடும். நமக்கோ இது வேறொன்றைச் சொல்கிறது. ஒற்றைக் காம்பராவில் ஒரு குடும்பம், வாசலில் ஓடும் கான், கோழியும் குழந்தையும் அளையும் ஒரே மண் - இத்தனையையும் அப்படியே வைத்துவிட்டு ஒரு வாளியும் சவர்க்காரக் கட்டியும் கொடுத்தாற் போதுமென்று எண்ணுவோர், அடைமழை நாளொன்றில் லயத்துக்கு வரட்டும். பீலிக்கு மேலே என்ன இருக்கிறதென்று ஏறிப் பார்க்கட்டும்.