ஆச்சி வீட்டு வயரிங்... யார் காசு போடுவது?

உடன்குடியில் இருக்கும் எங்கள் ஆச்சி வீட்டுக்கு முழுசாக வயரிங் மாற்ற 64,000 ரூபாய் ஆகும் என்று எஸ்டிமேட் வந்தது. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அதைப் போட்டதும் இரண்டு நாள் யாரும் வாயைத் திறக்கவில்லை. காரணம், அது இன்னும் பாகம் பிரிக்காத வீடு. நாளைக்கு யாருக்குப் போகுமோ தெரியாத சுவருக்கு இன்று யார் காசு போடுவது? ஆச்சியோ, "நாப்பது வருசத்துக்கு மேல ஒண்ணும் ஆவல. இப்ப மட்டும் என்ன ஆயிரப் போவுது?" என்று கேட்டுவிட்டார்.

வீடு 1978-ல் கட்டியது. உள்ளே ஓடுவது அலுமினிய வயர். காப்பருக்கு நாடு பெரும்பாலும் இறக்குமதியை நம்பியிருந்த காலம் அது. அலுமினியம் இங்கேயே கிடைத்தது, விலையும் குறைவு. மேட்டூரில் 1965-லேயே அலுமினிய ஆலை உற்பத்தியைத் தொடங்கிவிட்டது. அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் அலுமினியம் புகுந்தது இப்படித்தான்.

அப்போது ஆச்சி வீட்டில் ஆறு பல்பு, இரண்டு ஃபேன், ஒரு ரேடியோ. பிறகு அரசு கொடுத்த இலவச கலர் டிவி வந்தது. 2011-க்குப் பிறகு மிக்ஸி, கிரைண்டர் வந்தன. அப்புறம் ஃப்ரிட்ஜ், தண்ணீர் மோட்டார், மாமாவுக்காக ஒரு ஏசி. ஊருக்குப் பக்கத்தில் 660 மெகாவாட் வீதம் இரண்டு யூனிட் அனல் மின் நிலையத் திட்டமே வந்துவிட்டது. வீட்டுக்குள் மட்டும் அதே பழைய வயர்.

"வயர் எரியாது ஆச்சி, ஜாயின்ட்தான் எரியும்" என்றார் எஸ்டிமேட் போட வந்த வயர்மேன் அண்ணாச்சி. விஷயமே அதுதான். மின்சாரத்தைக் கடத்துவதில் காப்பரோடு ஒப்பிட்டால் அலுமினியத்தின் திறன் சுமார் 61 சதவிகிதம். அதனால் அதே லோடுக்குக் கனமான வயர் வேண்டும். அது மென்மையான உலோகம். ஸ்க்ரூ இறுக்கிய இடத்தில் நாளாக நாளாக நசுங்கி விலகும். சூடானால் காப்பரைவிட அதிகம் விரியும், ஆறினால் சுருங்கும். அதன்மேல் படியும் ஆக்சைடு படலம் மின்சாரத்தை மறிக்கும். காப்பரோ பித்தளையோ தொடும் இடத்தில் எங்கள் ஊர் உப்புக்காற்றும் சேர்ந்தால் அரிப்பு. ஜாயின்ட் லூசாகும், சூடாகும், சூட்டில் இன்னும் லூசாகும்.

அமெரிக்காவிலும் 1965-லிருந்து 1973 வரை கட்டிய லட்சக்கணக்கான வீடுகளில் அலுமினிய வயர் போட்டார்கள். 1972-க்கு முன் அப்படி வயரிங் செய்த வீடுகளில், இணைப்புகள் தீ ஆபத்து நிலையை எட்டும் வாய்ப்பு காப்பர் வீடுகளைவிட 55 மடங்கு என்று அந்நாட்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் சொன்னது.

"ஒரு ட்ரிப்பர் மட்டும் மாட்டிவிட்டால் போதாதா?" என்று மாமா கேட்டார். போதாது. லோடு கூடினாலோ ஷார்ட் ஆனாலோதான் ட்ரிப்பர் விழும். லூஸ் ஜாயின்ட்டில் லோடு கூடாமலே சூடு ஏறும். ஷாக்கிலிருந்து காக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் வேண்டும். ஆனால் அதற்கும் இந்தச் சூடு தெரியாது. பழைய அலுமினிய நுனியில் புது காப்பரை முறுக்கி டேப் சுற்றுவது எல்லாவற்றையும்விட மோசம்.

இனி கணக்கு. 28 பாயின்ட். சுவரை வெட்டிப் பைப் பதித்து, பூசி, பெயின்ட் அடித்தால் 1,15,000. சுவருக்கு மேலேயே பிளாஸ்டிக் பட்டி அடித்து ஓட்டினால் 64,000. வித்தியாசம் முழுக்கக் கொத்து வேலைக்கும் பெயின்ட்டுக்கும் போகிறது. பாதுகாப்பு இரண்டிலும் ஒன்றுதான். இதற்கு முன் வீட்டில் இல்லாத எர்த் வயரும் அந்த 64,000-க்குள் அடக்கம்.

அதையும் இரண்டாகப் பிரித்தோம். மெயின் போர்டு, எர்த், மோட்டார், ஃப்ரிட்ஜ், மிக்ஸி, கிரைண்டர் பாயின்ட்டுகளுக்கு போர்டிலிருந்தே தனி காப்பர் வயர். இதற்கு 27,000. பழைய லைனில் வெறும் லைட்டும் ஃபேனும் மட்டும். புதுசையும் பழசையும் எங்கேயும் சேர்க்கக் கூடாது. ஏசி அதுவரை ஆஃப். மீதி 37,000-க்கான வேலை பிறகு.

குரூப்பில் மௌனத்தை உடைத்தது அம்மாதான். "வீடு யாருக்குங்கிறதை அப்புறம் பேசுவோம். உள்ளே படுத்துக் கிடக்கிறது நம்ம அம்மாதானே?" என்று வாய்ஸ் மெசேஜ் போட்டார். பிள்ளைகள் மூன்று பேர், ஆளுக்கு 9,000. அன்று சாயங்காலமே பணம் வந்துவிட்டது. குலசை தசராவுக்குச் சொந்தக்காரர்கள் வந்து வீடு நிறைவதற்குள் முதல் கட்டம் முடிந்தது.

உங்கள் வீடும் அந்தக் காலத்து வீடா? ஸ்விட்ச் போர்டு சூடாக இருக்கிறதா, பிளாஸ்டிக் கருகும் வாடை வருகிறதா, மிக்ஸி போட்டால் லைட் மங்குகிறதா என்று கவனியுங்கள். வயர் வெள்ளையாகத் தெரிந்தாலே அலுமினியம் என்று முடிவு கட்ட வேண்டாம். ஈயம் பூசிய பழைய காப்பரும் அப்படித்தான் இருக்கும். மெயினை அணைத்துச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே சிவப்பு தெரியும். அதையும் தகுதிச் சான்றிதழ் உள்ள வயர்மேன் பார்க்கட்டும்.

எங்கள் குரூப்பில் அடுத்த 37,000 பற்றிய பேச்சு இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. இந்த முறை முதல் மெசேஜ் மாமாவிடமிருந்து வந்தது.