தாம்போதி கடந்து வந்த பொப்

புங்குடுதீவு மடத்துவெளி முருகன் கோயில் திருவிழா என்றால் பெரியவர்களுக்கு மேளக்கச்சேரி, எங்களுக்குப் பாட்டுக் கோஷ்டி. பண்ணைப் பாலம், வேலணை, பிறகு வாணர் தாம்போதி என்று கடலைக் கிழித்துக்கொண்டு வரும் வானிலிருந்து கிற்றாரும் பொங்கோசும் அக்கோடியனும் இறங்கும். பாடகரின் பெல்பொட்டத்தையும் நீட்டுக் கொலரையும் பார்த்துக்கொண்டு நிற்போம். சாமி வீதி சுற்றி முடிந்ததுகூடத் தெரியாது.

சினிமாப் பாட்டை அச்சொட்டாகப் பாடினால்தான் கோஷ்டிக்குப் பேர். ஆனால் சாமம் தாண்டி, கிழடுகட்டைகள் பாயில் சரிந்த பிறகு, பின்னால் நிற்கும் பெடியள் "பொப் ஒண்டு விடுங்கோ அண்ணை" என்று கத்துவார்கள். 'சின்ன மாமியே' வரும். 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' வரும்போது, அந்தப் பக்கம் போய்விட்டு வந்தவர்தான் முதலில் வேட்டியை மடித்துக் கட்டி ஆட இறங்குவார்.

இரண்டும் உரும்பிராய் நித்தி கனகரத்தினத்தின் பாட்டுகள். அம்பாறை ஹார்டி கல்லூரியில் விவசாயம் படித்த காலத்தில், 1960களின் பிற்பகுதியில், கூட்டாளிகளுக்காகப் பாடத் தொடங்கியவர். திருகோணமலையில் எம். பி. பரமேஷ், இன்னொரு பக்கம் ஏ. ஈ. மனோகரன். இவர்களுக்குப் பின்னால் படக்கம்பனியும் இல்லை, பெரிய இசையமைப்பாளரும் இல்லை. வீட்டில் பேசும் தமிழையே பாட்டாக்கினார்கள். 1970களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளுக்குக் கட்டுப்பாடு வந்து, 'எங்கட சரக்கு' என்ற எண்ணம் ஊறியிருந்த நேரம். இலங்கை வானொலியும் கைகொடுத்தது.

தாளம் மட்டும் பைலா. போர்த்துக்கேயர் விட்டுப்போனது, பொலிசில் இருந்த வாலி பஸ்தியன்ஸ் சிங்களத்தில் வளர்த்தெடுத்தது. அந்தத் தாளம் எங்கள் தீவுக்கு அந்நியமாகவே படவில்லை. காரணம் கடை. புங்குடுதீவில் பாதி வீட்டு ஆம்பிளைகள் கொழும்பிலும் கண்டியிலும் காலியிலும் கடை நடத்தினார்கள், அல்லது கடையில் நின்றார்கள். திருவிழாவுக்கு வரும் கடைப் பெடியளுக்குச் சிங்களம் தண்ணிபட்ட பாடு. மனோகரனின் 'சுராங்கனி'யில் சிங்களம் வரும் இடத்தில் நாங்கள் வாயை மட்டும் அசைக்க, அவர்கள் பொருள் தெரிந்து சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பில் பொறாமை.

1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்துக்காக இளையராஜா 'சுராங்கனி'யை எடுத்தாண்டார். மனோகரன் தமிழ்நாட்டில் 'சிலோன் மனோகர்' ஆகி, சினிமாவில் வில்லன் வேடங்களும் போட்டார். அதே 1977இல்தான் தெற்கில் தமிழரை அடித்து விரட்டினார்கள். 83 ஆடியில் கடைகள் எரிந்தன. கடையை இழந்து ஊர் வந்தவன் முன்னால் எந்த வாயால் சிங்களப் பைலா பாடுவது? தடைபோட ஆள் தேவைப்படவில்லை. துவக்குச் சத்தத்தால்தான் பொப் நின்றது என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வடக்குக்கும் தெற்குக்கும் இருந்த போக்குவரத்தில் பிறந்த பாட்டு அது. அந்தப் போக்குவரத்து அறுந்தபோதே அதன் மூச்சும் போய்விட்டது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இராணுவம் தீவுக்குள் வந்ததும் கேட்க இருந்த சனமும் கிளம்பிவிட்டது.

மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். இசைத்தட்டில் ஏறிய பாட்டுகளுக்குப் பயமில்லை, அவை எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கும். கோயில் வீதியில் பாடிய கோஷ்டிக்காரரின் குரல்தான் இல்லாமல் போகிறது. டொரொன்டோவிலோ பாரிசிலோ உங்கள் வீட்டு அலுமாரியில், யாரோ மைக்கடியில் ரேப் ரெக்கோடரை வைத்துப் பதிந்த திருவிழா கசெற் ஒன்று கிடக்கலாம். பூஞ்சணம் பிடித்திருந்தால் பழைய பிளேயரில் போட்டுப் பார்க்காதீர்கள், நாடா அறுந்துவிடும். நூலக நிறுவனத்தாரிடம் கேளுங்கள். ஈழத்து ஆவணங்களை மின்வடிவில் சேர்ப்பது அவர்கள் வேலை. கொடுக்கும்போது, பாடியவரின் பெயர் தெரிந்தால் அதையும் ஒரு துண்டில் எழுதி வையுங்கள்.