ஓய்வு பெறாத பசி

சஷ்டியப்த பூர்த்தி முடிந்து, பணியிலிருந்தும் ஓய்வு பெற்றுவிட்ட ஒருவரை உறவினர் சந்திக்கும்போது கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும், "பொழுது எப்படிப் போகிறது?" என்பதே. கேட்பவர் மனத்தில் தீய எண்ணம் ஏதும் இல்லை. ஆயினும் அக்கேள்விக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. இதுகாறும் அம்மனிதர் காலத்தைப் பயன்படுத்தினார். இனி அதைக் கழிக்க வேண்டியவர் ஆகிவிட்டார். முதியவர்களுள் பலர் இத்தீர்ப்பை மறுப்பின்றி ஏற்றுக்கொண்டு, "கோயில், பேரக்குழந்தை, தொலைக்காட்சி, மாத்திரை என்று ஏதோ போகிறது" என விடையிறுக்கின்றனர். கோயிலையும் மாத்திரையையும் ஒரே மூச்சில் சொல்ல நேர்வது வருத்தத்திற்குரியது.

வயது ஏற ஏற வயிற்றுப் பசி குறைகிறது, உறக்கமும் குறைகிறது. ஆனால் தனக்கென்று இயல்பாக அமைந்த ஒன்றை மனமாரச் செய்து, அச்செயலில் தன்னைத் தானாக உணர வேண்டும் என்னும் பசி வயதோடு குறைவதாகத் தெரியவில்லை. இளமையில் அதை அலுவலகமும் குடும்பமும் மறைத்து வைத்திருந்தன. அவை விலகியபின் அது முன்னைவிட வெளிப்படையாகத் தலைகாட்டுகிறது. உளவியலார் இதற்கு நீண்டதொரு பெயர் வைத்திருக்கின்றனர். தமிழில் தன்னியல்பு மலர்தல் என்று சொன்னால் போதுமானது.

வங்கி, காப்பீடு போன்ற நிறுவனங்களில் பணியாற்றியவர்களுக்கு இச்சொல் புதிதன்று. பதவி உயர்வு பெற்றவர்களைப் பயிற்சிக் கல்லூரிக்கு அனுப்பும்போது, அங்கே பலகையில் ஒரு முக்கோணத்தை வரைந்து ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டுவார்கள். அடிப்படியில் உணவும் உறக்கமும், அதன்மேல் பாதுகாப்பு, அதற்கும் மேல் அன்பும் உறவும், நான்காவது, பிறர் தரும் மதிப்பு, உச்சியில் தன்னியல்பு மலர்தல். ஆபிரகாம் மாஸ்லோ என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் 1943-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையிலிருந்து பிறந்த கருத்து இது. ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில், நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் 1908-இல் பிறந்தவர் அவர். முக்கோணப் படம் அவர் வரைந்ததன்று. பின்வந்த நிர்வாகவியல் நூலாசிரியர்கள் வரைந்தது. ஒரு படி நிறைந்த பிறகே அடுத்த படி என்று கண்டிப்பாகக் கொள்ள வேண்டியதில்லை என்றும், இவ்வரிசைக்கு விலக்கானவர் பலர் உண்டு என்றும் அவரே அக்கட்டுரையில் எழுதியிருக்கிறார். படம் மனத்தில் நின்ற அளவுக்கு இந்த எச்சரிக்கை நிற்கவில்லை.

அதனால் விளைந்தது என்ன? முதலில் வீட்டுக் கடன் தீரட்டும், பிறகு பெண்ணின் திருமணம் முடியட்டும், பிறகு பென்ஷன் வரட்டும் என்று உச்சிப்படியை எல்லோரும் ஒத்திவைத்துக்கொண்டே சென்றனர். எல்லாம் நிறைந்த நாளில் ஏறலாம் என்றால், முழங்கால் படியேற மறுக்கிறது.

தைத்திரீய உபநிஷதமும் ஐந்தைப் பற்றிப் பேசுகிறது. வருணனின் புதல்வரான பிருகு, பிரம்மத்தை உபதேசிக்குமாறு தந்தையிடம் வேண்டுகிறார். தந்தை ஒரு குறிப்பை மட்டும் தந்து, தவத்தினால் அதை அறிந்துகொள் என்று அனுப்பிவிடுகிறார். தவம் செய்து, அன்னமே பிரம்மம் என்று கண்டு திரும்பி வருகிறார் பிருகு. மீண்டும் தவம் செய் என்கிறார் தந்தை. அடுத்து பிராணன், அதன்பின் மனம், அதன்பின் விஞ்ஞானம் என்று ஒவ்வொன்றாகக் கண்டு, முடிவில் ஆனந்தமே பிரம்மம் என்று தெளிகிறார். கதை இத்துடன் முடிந்திருந்தால், இதுவும் ஒரு படிக்கட்டுதான் என்று கொள்ளலாம். ஆனால் ஆனந்தத்தைக் கண்ட மறுகணமே உபநிஷதம் அன்னத்திடம் திரும்புகிறது. அன்னத்தை இகழலாகாது, அன்னத்தைப் பெருக்க வேண்டும், தங்க இடம் கேட்டு வந்தவர் எவரையும் திருப்பி அனுப்பலாகாது என்றெல்லாம் விரதங்களை வகுக்கிறது. இதற்கு முன்னுள்ள ஆனந்தவல்லியில் இவ்வைந்தும் ஒன்றினுள் ஒன்றாக அமைந்தவையாகச் சொல்லப்படுகின்றன. ஆனந்தம் அன்னத்துக்கு உள்ளேயே இருக்கிறது. ஐந்தாவது மாடியில் இல்லை.

மாஸ்லோ சொன்னதெல்லாம் நம்முடைய உபநிஷதத்தில் முன்பே இருக்கிறது என்று மார்தட்டிக்கொள்வது சிலருக்கு வழக்கம். அது இரு தரப்புக்கும் செய்யும் அநீதி. அவர் பேசியது மனிதனிடம் உள்ள ஆற்றல் முழுமை பெறுவதைப் பற்றி. உபநிஷதம் பேசுவது ஆற்றலுக்கும் அப்பாலுள்ள ஆன்மாவைப் பற்றி. இரண்டும் ஒன்றல்ல. எனினும், படியா உறையா என்னும் இந்த வேறுபாடு வீட்டில் உள்ள முதியவரின் அன்றாட வாழ்வைத் தொடுகிறது. படி என்று எண்ணுபவர், கீழ்ப்படிகள் நான்கையும் குறைவின்றித் தந்துவிட்டால் கடமை முடிந்ததாகக் கருதுகிறார்.

சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் மகனுடன் வசிக்கும் 78 வயது மூதாட்டி ஒருவரின் கதை இதற்குச் சான்று. காவிரிக் கரையில் உள்ள சிற்றூரில் வாழ்ந்தவர். கணவர் மறைந்தபின் மகன் அழைத்துவந்து தம்முடன் வைத்துக்கொண்டார். அவருக்கென்று தனியறை, குளியலறைச் சுவரில் கைப்பிடி, வேளை தவறாமல் மாத்திரை, வெள்ளிக்கிழமை தோறும் எண்ணெய் தேய்த்துவிடும் மருமகள், விசேஷ நாட்களில் முதல் இலை. இப்படிப்பட்ட மகனும் மருமகளும் வாய்ப்பது பூர்வ புண்ணியம் என்று அண்டை வீட்டார் சொல்வதில் மிகை இல்லை.

ஆனால் ஊரில் இருந்தவரை அவர் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள், நாள்தோறும் காலையில் பெருமாள் கோயிலுக்குத் துளசி மாலை கட்டிக் கொடுத்தவர். வாழைநாரைக் கிழித்து நனைத்து வைப்பதிலிருந்து அவருடைய நாள் தொடங்கும். மூலவருக்கு எத்தனை முழம், உற்சவருக்கு எத்தனை முழம் என்பது கைக்கே தெரியும். மார்கழிக் குளிரில் விரல் விறைத்தாலும் முடிச்சு தளராது. "மாமி, இன்றைக்கு மரிக்கொழுந்து உண்டோ?" என்று பட்டாச்சாரியார் வாசலில் நின்று கேட்டால், அன்று முழுதும் அவருக்கு வேறொன்றும் தேவைப்படாது.

சென்னையில் பூ பையில் வந்தது. தாமே கட்டுவதாக ஒருமுறை அவர் சொன்னபோது, "உனக்கு எதற்கம்மா இந்தச் சிரமம்? சும்மா உட்கார்ந்து நாமம் சொல்லிக்கொண்டிரு" என்றார் மகன். அன்பினால் சொன்ன சொல்தான். மூதாட்டியும் சும்மா உட்கார்ந்தார். சில மாதங்களில் பேச்சு குறைந்தது. இலையில் பாதிச் சோறு மிஞ்சியது. கேட்டதையே திரும்பக் கேட்டார். மருத்துவர் எல்லாச் சோதனைகளையும் செய்து பார்த்து, வயதுக்கு மீறிய குறை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

ஒருநாள் சமையலுக்கு வாங்கிய வாழைத்தண்டின் மேற்பட்டை அவர் கையில் கிடைத்தது. நகத்தால் அதைக் கீறி நாரெடுத்து, குளிர்சாதனப் பெட்டியில் இருந்த கறிவேப்பிலையைக் கொத்துக் கொத்தாக வைத்து மாலை கட்டிக்கொண்டிருந்தார். மாலையில் வந்த மகன் அதைக் கண்டு கலங்கிப்போனார். தாய்க்கு நினைவு தப்பிவிட்டது என்றே முடிவு செய்தார். மருமகள் மட்டும் மாலையைக் கையில் எடுத்துப் பார்த்தார். முடிச்சுகள் எல்லாம் ஒரே இடைவெளியில் விழுந்திருந்தன.

இப்போது குடியிருப்பின் வாயிலில் உள்ள சிறிய பிள்ளையாருக்கு அவர் கட்டும் அறுகம்புல் மாலை நாள்தோறும் சாற்றப்படுகிறது. பெருமாளுக்குத் துளசி கட்டிய கை, பிள்ளையாருக்குத் துளசி ஆகாது என்பதை மறக்குமா என்ன? மாலையைத் தாமே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருக்கிறார். லிஃப்டில் தனியே இறங்குவதில் மகனுக்கு இன்னமும் சம்மதமில்லை. முழங்கால் வலி குறையவில்லை. கேட்டதையே கேட்பதும் முற்றிலும் நிற்கவில்லை. ஆனால் மாலை நான்கு மணிக்கே, நாளைக்குப் புல் வந்துவிட்டதா என்று விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார். நாளை என்ற ஒன்று அவருக்கு மீண்டும் வந்திருக்கிறது.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. முதியவர்களே தங்கள் கையிலிருப்பதை முன்வந்து ஒப்படைத்துவிடுவதும் உண்டு. "இனிமேல் எனக்கு என்ன இருக்கிறது?" என்று சொல்லிக்கொள்வதை வைராக்கியம் என்று எண்ணுகின்றனர். உண்மையான வைராக்கியம் அரிது. அந்த வயதில் அப்பெயரில் உலவுவது பெரும்பாலும் சோர்வு.

இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு. நான் என்பதைக் கரைக்கச் சொல்லும் சமயத்தில், தன்னியல்பு மலர வேண்டும் என்பது அகங்காரத்துக்கு நீர் வார்ப்பதாகாதா? புறக்கணிக்கத்தக்க ஐயமன்று இது. பாராட்டுக்காக மட்டும் கட்டப்படும் மாலையும் உண்டு. கல்வெட்டில் பெயர் வர வேண்டும் என்பதற்காகச் செய்யப்படும் திருப்பணியும் உண்டு. ஆனால் செயலை விட்டுவிட்டால் அகங்காரம் போய்விடுவதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் அது இன்னும் வசதியாக உட்கார்ந்துகொள்ளும். கீதையின் பதினெட்டாம் அத்தியாயம், அவரவர் தமக்குரிய கர்மத்தினாலேயே இறைவனை அர்ச்சித்துச் சித்தி பெறுவதாகக் கூறுகிறது. கர்மம் நின்றபின் அர்ச்சனை என்று அங்கே வரிசை வகுக்கப்படவில்லை.

இதற்கு அண்மைக் காலத்து விளக்கமாகத் திருவண்ணாமலையைச் சொல்லலாம். நான் யார் என்று விசாரிக்கச் சொன்ன ரமண பகவானைவிட, அகங்காரம் அழிவதைப் பற்றிக் கண்டிப்பாகப் பேசியவர் அரிது. 1916-ஆம் ஆண்டு அவருடைய அன்னை அழகம்மாள், பல இழப்புகளைக் கண்ட முதுமையில் மகனிடம் வந்து சேர்ந்தார். அதுவரை அங்கிருந்த அன்பர்கள் பிக்ஷையாகக் கிடைத்ததை உண்டு வந்தனர். கந்தாசிரமத்தில் அடுப்பு மூட்டிச் சமைக்கத் தொடங்கியவர் அந்த அம்மையார். ஆசாரத்தில் மிகவும் கண்டிப்பானவர்; வெங்காயம் மோட்சத்துக்குப் பெரிய தடையாயிற்றே என்று மகன் கேலி செய்வாராம். கேலி செய்து ஆசாரத்தின் பிடியைத் தளர்த்தினாரே தவிர, கரண்டியைக் கீழே வைக்கச் சொல்லவில்லை. 1922-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் நாள் அன்னை சமாதி அடைந்தார். மலையடிவாரத்தில் அவருடைய சமாதியைச் சுற்றியே ரமணாசிரமம் வளர்ந்தது. அவ்விடத்தில் எழுந்த மாத்ருபூதேஸ்வரர் ஆலயத்துக்கு 1949-இல் கும்பாபிஷேகம் நடைபெற்றது.

பின்னாளில் ஆசிரமச் சமையற்கட்டிலும் பகவான் பல ஆண்டுகள் விடியுமுன் எழுந்து காய் நறுக்கினார், துவையல் அரைத்தார். உடன் பணியாற்றிய சாந்தம்மாள், சம்பூர்ணம்மாள் முதலிய பெண்மணிகள், சமையலோடு சேர்த்தே சாதனையையும் அவரிடம் கற்றதைத் தம் நினைவுகளில் பதிவு செய்துள்ளனர். கணவரை இழந்த பெண்ணின் வாழ்வு அத்தோடு முடிந்தது என்று ஊர் எண்ணிய காலம் அது. கீரையின் காம்பைக்கூட வீணாக்க விடாத ஒருவர், அத்தகையோரின் வாழ்வை முடிந்ததென்று கருத மறுத்ததில் வியப்பில்லை.

கையும் காலும் ஓரளவு இயங்குபவர்களுக்கு இவையெல்லாம் பொருந்தும். பார்வையே போய்விட்டவர் என்ன செய்வது என்று கேட்பாரும் உண்டு. திருவாரூரில் தண்டியடிகள் என்ற அடியார் வாழ்ந்தார். அறுபத்துமூவருள் ஒருவர், பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவர். நாள்தோறும் பூங்கோயிலை வலம் வந்து ஐந்தெழுத்தை ஓதிவந்தார். அவரிடம் எவரும் வேறெதையும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். கோயிலுக்கு மேற்கே உள்ள குளம் தூர்ந்து குறுகிவருவதை அறிந்தபோது, அதைத் தோண்டுவது தம் பணி என்று அவருக்குத் தோன்றியது. குளத்தினுள் ஒரு கம்பும் கரையில் ஒரு கம்பும் நட்டு, இரண்டுக்கும் இடையே கயிறு கட்டினார். கயிற்றைத் தடவிக்கொண்டு உள்ளே இறங்கி, மண்வெட்டியால் வெட்டிய மண்ணைக் கூடையில் சுமந்து, அதே கயிற்றைத் தடவிக்கொண்டு கரையேறிக் கொட்டினார். குருடனுக்கு எதற்கு இந்த வேலை என்று எள்ளியவர்கள் மண்வெட்டியையும் கூடையையும் கம்பையும் பறித்துச் சென்றதாகப் பெரியபுராணம் கூறுகிறது. அவர் ஆரூர்ப் பெருமானிடம் முறையிட்டார். அரசன் முன்னிலையில் குளத்தில் மூழ்கி எழுந்தபோது அவருக்குக் கண் ஒளி பெற்றது.

திருவாரூர் செல்பவர்கள் மேற்குக் கோபுரத்தின் வழியே வெளியே வந்தால் கமலாலயம் கண்ணெதிரே விரிந்து கிடக்கும். நடுவே நாகநாதர் சன்னிதி. அங்கே செல்லப் படகு ஏற வேண்டும். கோயிலைப் போலவே குளத்துக்கும் ஐந்து வேலிப் பரப்பு என்பது ஊர்வழக்கு. கண் கிடைத்ததைப் பற்றியே கதை சொல்பவர்கள் எல்லோரும் பேசுகின்றனர். கண் கிடைப்பதற்கு முந்தைய நாட்களில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கூடையாகக் கரை சேர்த்தபோது அவர் குறைபட்டுக்கொண்டதாகப் புராணத்தில் ஓரிடத்திலும் இல்லை.