குழி விழுந்ததும் விழாததும்

சரயேவோ நகரத்துக் கடைவீதியில் கசாண்ட்ஜிலுக் தெரு கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழுந்துவிடுகிறது. டங் டங்கென்று கன்னார் தெருச் சத்தம். கும்பகோணத்தில் வளர்ந்தவனுக்கு வழி சொல்ல ஆள் வேண்டியதில்லை. நீளப் பிடி வைத்த செப்புக் காபிச் சட்டிகள், தாம்பாளங்கள், அவற்றின் நடுவே ஒரு கூடை நிறையத் தோட்டாப் பேனாக்கள்.

ஒன்றைக் கையில் எடுத்தேன். பட்டறைக்காரருக்கு எழுபது வயதிருக்கும். எல்லோரும் ‘மைஸ்டோரே’ என்று கூப்பிடுகிறார்கள். நம்மூர் ‘மேஸ்திரி’ மாதிரி. அவர் சொல்வதைப் பேத்தி ஆங்கிலத்தில் சொன்னாள்.

பட்டடைக் கல்லில் மூன்று வெற்றுத் தோட்டாக் கூடுகளை வரிசையாக நிறுத்தினார். மூன்றும் 7.62 என்றார். நம்ப முடியவில்லை. ஒன்று குட்டை, மற்ற இரண்டும் நெட்டை. முதல் எண் துப்பாக்கிக் குழலின் உள்விட்டம். அங்குலக் கணக்கில் 0.3. 7.62×39 என்பது போல எழுதும்போது, பெருக்கல் குறிக்குப் பின்னால் வருவதுதான் கூட்டின் நீளம்: 39, 51, 54 மில்லிமீட்டர். குட்டையானது கலாஷ்னிகோவுக்கு, நடுவில் உள்ளது நேட்டோ படைகளுக்கு. மூன்றாவதன் அடியில் மட்டும் தட்டு போல விளிம்பு பிதுங்கியிருந்தது. 1891இல் ரஷ்யர்கள் வைத்த விளிம்பு, இன்றைய இயந்திரத் துப்பாக்கித் தோட்டாவிலும் அப்படியே இருக்கிறது. எண் ஒன்றாக இருந்தாலும் ஒன்றின் துப்பாக்கியில் மற்றொன்று போகாது.

அவருக்கு இந்தக் கணக்கெல்லாம் இரண்டாம் பட்சம். உலோகம் என்ன என்பதுதான் முக்கியம். அரக்கு பூசிய எஃகுக் கூடுகளைத் தொடுவதே இல்லை. உளி வழுக்கும், துரு பிடிக்கும். பித்தளை என்றால் முகம் மலர்கிறது. செம்பு எழுபது பங்கு, துத்தநாகம் முப்பது. சுடும்போது கூடு விரிந்து குழலின் பின்பக்கத்தை அடைத்துக்கொள்ள வேண்டும், மறுகணமே சுருங்கி வெளியே வர வேண்டும். அந்த இளக்கம்தான் சிற்பிக்கும் வேண்டும்.

அன்று கையில் இருந்தது 40 மில்லிமீட்டர் போஃபர்ஸ் பீரங்கியின் கூடு, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆலையில் இழுத்து இழுத்து இறுகிப்போன பித்தளை. அப்படியே அடித்தால் விரிசல் விடும். விளக்கை அணைத்துவிட்டுத் தீயில் காட்டினார். வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றிவிடுமாம். மங்கலான சிவப்பு எட்டியதும் எடுத்து ஆறவிட்டார். பிறகு உருக்கிய கீலை வாய்வரை ஊற்றினார். உள்ளே தாங்கல் இல்லாவிட்டால் அடிக்கு அடி நசுங்கும். கீல் இறுகியபின் பென்சிலால் பாலமும் மசூதியும் வரைந்து, நெல் முனை அளவு உளியால் தட்டத் தொடங்கினார். அடிப்பாகத்துக்கு இரண்டு விரல் மேலேயே கோடு நின்றது. அதற்குக் கீழே சுவர் தடிப்பு.

“இதெல்லாம் முற்றுகையில் ஊருக்குள் விழுந்ததா?” என்று கேட்டேன். 1992 ஏப்ரலிலிருந்து 1996 பிப்ரவரிவரை, 1,425 நாள் குண்டு வாங்கிய ஊர்.

உளி நின்றது. “கூடு எங்கே விழும்? சுட்டவன் காலடியில். எங்களுக்கு வந்தது முனைதான்.”

எனக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். போர் முடிந்தபின் மலைச்சரிவுகளில் பொறுக்கி வந்தவை கொஞ்சம். இப்போது வருவது பெரும்பாலும் பழைய ராணுவச் சரக்கு என்றார். கொன்யிட்ஸ் தோட்டா ஆலை முத்திரை குத்திய கூடுகளும் அதில் உண்டு. அந்த ஆலை இதே நாட்டில், நெரெத்வா ஆற்றங்கரையில் இருக்கிறது.

என் கையிலிருந்த பேனாவைக் கவிழ்த்தார். அடியின் நடுவே சின்ன வட்டம். பொட்டு வெடி போல, தட்டினால் தீப்பொறி தரும் இடம். வழவழவென்று இருந்தது. பக்கத்துப் பேனாவில் அதே இடத்தில் ஊசி குத்திய குழி.

“குழி விழுந்தது சுட்டது. எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள்.”

நான் குழி இல்லாததையே வாங்கிக்கொண்டேன். செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்த பேத்தி சொன்னாள்: “கைப்பையில் வைக்காதீர்கள், சார். விமான நிலையத்தில் குழியெல்லாம் பார்க்கமாட்டார்கள்.”