ஏழரைச் சனியும் ஐம்பது கிராமும்

எங்க குச்சனூர்க்காரங்களுக்கு ஒரு சௌகரியம். எது நடந்தாலும் காரணம் தேடி அலைய வேண்டாம். சுரபி நதிக்கரையில் சுயம்பு சனீஸ்வரர் இருக்கிறாரே! பையன் பெயிலா? சனி. மோட்டார் ரிப்பேரா? சனி!

போன வருஷம் பெரியப்பா வீட்டுப் பசுவுக்கு மூன்று தடவை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. போதாக்குறைக்கு, கொடியில் காய்ந்த வேட்டியை மென்றது; சுவரை நக்கியது. "மாட்டுக்கு ஏழரை புடிச்சிருச்சுடா" என்றார் பெரியப்பா. பெரியம்மாவின் கைச்செலவே அந்தப் பாலில்தான். வியாபாரி ஒருத்தர் வந்து கறி விலைக்குக் கேட்டுவிட்டும் போய்விட்டார்.

கால்நடை டாக்டர் கேட்டார்: "என்ன தீனி?"

"வைக்கோல்."

"அப்புறம்?"

"வைக்கோல்தான்!"

பி.காம். படித்த எனக்கு உடனே புரிந்தது. கணக்கு உதைக்கிறது! ஒரு லிட்டர் பாலில் சுமார் 1.2 கிராம் கால்சியம். ஆறு லிட்டர் கறந்தால் ஏழு கிராம் செலவு. வரவு? வைக்கோலில் பாஸ்பரஸ் சொற்பம். இருக்கிற கால்சியத்தையும் ஆக்சலேட் பிடித்து வைத்துக்கொள்ளும். பாஸ்பரஸ் குறைந்தால் மாடு துணி, மண், எலும்பு என்று எதையும் கடிக்கும். தாமிரம், துத்தநாகம் குறைந்தால் சினை பிடிப்பதே தகராறு.

இதில் சில சரக்கு மில்லிகிராம் கணக்குதான். ஆஸ்திரேலியாவின் தென் கடற்கரையில் மேய்ச்சல் இருந்தும் செம்மறிகள் மெலிந்து செத்தன. 1930-களில்தான் குற்றவாளி சிக்கியது: கோபால்ட் பற்றாக்குறை! தினமும் ஒரு மில்லிகிராம் கொடுத்ததும் தேறின. வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் பி12 வைட்டமின் தயாரிக்க அதுதான் மூலப்பொருள்.

டாக்டர் முதலில் குடற்புழு மருந்து கொடுத்தார். பிறகு பசுந்தீவனம், தினமும் 50 கிராம் தாது உப்புக் கலவை. நம்ம கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமே தயாரித்து விற்கிற சரக்கு அது. "சினை பிடிக்காததுக்கெல்லாம் இது ஒண்ணே மருந்துன்னு நினைக்காதீங்க, பரிசோதனையும் வேணும்" என்றும் சொன்னார். இன்னொரு எச்சரிக்கை: மாட்டுக் கலவையைச் செம்மறிக்குக் கொட்டக் கூடாது. தாமிரம் கூடினால் ஈரலில் சேர்ந்து ஆளையே கவிழ்த்துவிடும்.

இப்போது பசு ஏழு மாசச் சினை. வேட்டிகளும் பத்திரம்!

பெரியப்பா சனிக்கிழமைதோறும் எள் விளக்கு போடுகிறார். போடட்டும். தொட்டியில் அந்த 50 கிராமைப் பெரியம்மா மறக்காமல் போடுகிறாரே, அது போதும்!